நாற்றுப் பண்ணை நிலமும் அப்பாவின் அடையாள அட்டையும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலமாகத்தான் இருக்கிறோம், ஆளுக்கொரு விதமாக. அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும் மூன்று பேரும் ஒரே விதமாக நலமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். போனில் சொல்லிவிடலாமே, எதற்கு இந்தக் காலத்தில் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து நான் சொல்வதைத் திருத்திக்கொண்டே இருக்கிறார். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. பிளம்பர் வந்து, வெகுநேரம் குனிந்து பார்த்து, இது பழைய குழாய் என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போனார். மாடியில் குடியிருக்கும் டீச்சர் தையல் மெஷின் வாங்கியிருக்கிறார், நாம் தூங்கலாம் என்று படுக்கும் நேரம் பார்த்து அவருக்குச் சட்டை தைக்கத் தோன்றுகிறது. எனக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறதாம். உப்பையும் கோபத்தையும் குறைக்க வேண்டும் என்றார் டாக்டர். உப்பைக் குறைத்துவிட்டேன்.

நம் தெரு முடிந்து பஸ் டிப்போ மதிலைத் தாண்டினால் வருமே பழைய அரசு நாற்றுப் பண்ணை, அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். நீ இங்கே இருந்தபோதே அதை மூடியாகிவிட்டது. நாற்றுகளை வேறு துறைக்கு மாற்றினார்கள், நிலத்தை மாற்ற மறந்துவிட்டார்கள். யாரும் கவனிக்காததால் மரங்கள் மட்டும் நன்றாக வளர்ந்தன. மரங்களுக்கு நடுவே முன்பு டிராக்டர் போன தடத்தில் ஊர்க்காரர்கள் காலையில் நடக்க ஆரம்பித்தார்கள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் சொன்ன பேச்சைக் கேட்காமல் போனபோது நீ ஓடிவந்து கூட இருந்துவிட்டுப் போனாயே, அதற்குப் பிறகு அவர் மறுபடி நடக்கப் பழகியது அந்தத் தடத்தில்தான். அவருடைய இடது முழங்கையை நான் பிடித்துக்கொள்வேன். முதலில் உடைந்த தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போவோம், பிறகு விதைக் கொட்டகை வரைக்கும், பிறகு ஒரு முழுச் சுற்று. டிப்போவில் காலமெல்லாம் பஸ்களை நேரத்துக்கு அனுப்பிய மனிதர் இல்லையா, ஓய்வு பெற்றபின் அனுப்ப பஸ் இல்லாமல் தன்னைத்தானே நேரத்துக்கு அனுப்பிக்கொண்டார். மழை பெய்தாலும் நானும் குடையோடு கூடப் போயாக வேண்டும். அவர் கையை நான் விட்டதே இல்லை.

இப்படி இருக்கும்போது அந்த நிலத்தைப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக் கொடுப்பது என்று அரசு முடிவு செய்தது. கோப்பு என் மேஜைக்கு வந்தது. நில அலுவலகத்தில் ஒப்படைப்புப் பிரிவு என் கையில் இருக்கும்போது அது வேறு எங்கே போகும்? எனக்கு அதில் துளிகூட வருத்தம் இல்லை என்பதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். நீ அங்கே படித்த நாட்களை நான் மறக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் இடம் போதாமல் மாடிப்படிக்கு அடியில் மேஜை போட்டுக் கொடுத்தார்கள், மேலே யாராவது இறங்கினால் தூசி விழாமல் குடுவையைக் கையால் மூடிக்கொள்வேன் என்று நீயே சிரித்துக்கொண்டு சொன்னாய். அப்புறம் ஒருநாள் சிரிக்காமல், இங்கயே இருந்தா நான் கடைசிவரைக்கும் படிக்கட்டுக்குக் கீழதாம்மா என்று சொன்னாய். அடுத்த மாதம் விமானம் ஏறிவிட்டாய். உன் அறையில் இப்போது இஸ்திரி மேஜை நிற்கிறது. இன்னொரு வீட்டுப் பெண் இடம் இல்லை என்கிற காரணத்துக்காகப் போகக்கூடாது என்று எனக்குள் ஒரு வைராக்கியம் இருந்தது. ஓய்வு பெறுவதற்கு முன்னால் நான் உருப்படியாகச் செய்யும் வேலை இதுவாக இருக்கட்டும் என்று அந்தக் கோப்பைத் திறந்தேன்.

திறந்த வாரமே எதிர்ப்பு மனு வந்துவிட்டது. காலை நடையாளர் சங்கம் என்று ஒன்று புதிதாக முளைத்திருந்தது. செயலாளர், நமக்கெல்லாம் பல் பிடுங்கிய அதே பல் டாக்டர். தலைவர் உன் அப்பா. அலுவலகப் பேச்சை வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை என்று கல்யாணமான புதிதிலேயே நாங்கள் பேசி வைத்துக்கொண்டது உனக்குத் தெரியும். அவர் டிப்போ சண்டைகளை வாசலில் செருப்போடு விட்டுவிட்டு வருவார், நானும் அப்படித்தான். அந்தக் கட்டுப்பாட்டை இப்போது மீறவும் இருவருக்கும் ரோஷம் இடம் கொடுக்கவில்லை. அதனால் நிலத்தைப் பற்றிப் பேச வேண்டியதை எல்லாம் நாங்கள் தபாலில் பேசிக்கொண்டோம். ஒரே மேஜையில் சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, மதிப்பிற்குரிய அம்மையீர் என்று ஆரம்பித்து எனக்கு அவர் மனு எழுதுவார். பேனா மை தீர்ந்தால் என்னிடமே கேட்பார், கொடுப்பேன். நான் மறுநாள் அலுவலகத்தில் உட்கார்ந்து, ஐயா, தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது என்று பதில் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புவேன். நான் விடுப்பில் இருக்கும் நாளில் தபால்காரர் வந்தால் அப்பா குளித்துக்கொண்டிருப்பார், நான் அனுப்பியதை நானே கையெழுத்துப் போட்டு வாங்கி வைப்பேன். ஒருநாள் சாப்பிடும்போது பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொன்னார், நில ஆபீஸ்ல ஒரு அம்மா இருக்காங்க, மனசுன்னு ஒண்ணு கிடையாதுபோல, பதிலா போடறாங்க அது, கல்லைத் தூக்கிப் போடற மாதிரி என்று. நானும் சுவரைப் பார்த்து, அந்த அம்மாவுக்கு மேல இருக்கறவங்க என்ன சொல்றாங்களோ அதைத்தான எழுத முடியும், இன்னும் கொஞ்சம் சோறு வேணுமா என்றேன். வேண்டும் என்றார்.

எதிர்ப்பு மனு கொடுத்திருப்பவர் என் கணவர், இந்தக் கோப்பை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள் என்று எங்கள் இயக்குநரிடம் முறைப்படி எழுதிக் கொடுத்தேன். அவர் கூப்பிட்டு, வீட்டுல ஒருத்தராவது அங்க நடக்காத அதிகாரி இந்த ஊர்ல யாரும்மா இருக்காங்க, நீங்களே பாருங்க என்றார். அவர் கையெழுத்தும் அந்த மனுவில் இருந்தது. படிக்காமல் போட்டுவிட்டதாகச் சொன்னார். எங்கள் அலுவலகத்தில் அது ஏற்றுக்கொள்ளக்கூடிய விளக்கம்தான். உன் கையெழுத்தும் இருந்தது, அதையும் பார்த்தேன். இணையத்தில் போட்டிருக்கிறாய். அப்பா கேட்டால் உன்னால் மறுக்க முடியாது, தெரிந்ததுதான். கையெழுத்திட்ட ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் போக வேண்டும் என்பது விதி, அதனால் உனக்கும் என் அலுவலகத்திலிருந்து ஒரு பதிவுத் தபால் வந்திருக்கும். அதில் உன்னை அம்மையீர் என்று கூப்பிட்டு, தங்கள் ஆட்சேபணையில் போதிய முகாந்திரம் இல்லை என்று எழுதியிருப்பேன். மனதில் வைத்துக்கொள்ளாதே, எல்லோருக்கும் ஒரே வாசகம்தான்.

கருத்துக் கேட்புக் கூட்டத்தை மேல் மாடிக் கூடத்தில் வைத்தோம். மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை. பேச வந்தவர்களிடம் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் அதிகாரி, அதாவது நான், பெயரும் தொழிலும் கேட்டுப் பதிய வேண்டும். உன் அப்பா எழுந்து நின்றபோது நான் தங்கள் பெயர் என்ன என்று கேட்டேன். ஒரு கணம் என்னைப் பார்த்தார், பிறகு பெயரைச் சொன்னார். தொழில் என்றேன், ஓய்வு பெற்ற பஸ் நேரக் கண்காணிப்பாளர் என்றார். அன்று நான் இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டையைத்தான் போட்டிருந்தார். நிழலைப் பற்றியும் காற்றைப் பற்றியும் வயதானவர்கள் ரோட்டில் நடந்தால் பைக் ஓட்டுபவர்கள் படுத்தும் பாட்டைப் பற்றியும் நிதானமாகப் பேசினார், கொடுத்த நேரம் முடிந்ததும் பாதி வாக்கியத்தில் நிறுத்தி உட்கார்ந்தார். அவர் அப்படித்தான். ஆனால் பல் டாக்டர் சும்மா இருக்கவில்லை. எழுந்து, இவரு கால் விளங்காம கிடந்து அந்த எடத்துலதாங்க மறுபடி நடக்கக் கத்துக்கிட்டாரு, அதைச் சொல்ல மாட்டேங்கறாரு என்றார். அப்பா அவர் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்து, அதெல்லாம் இங்க பேச வேண்டியதில்ல டாக்டர், உக்காருங்க என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூட்டத் தலைவர் அழக்கூடாது என்று விதியில் எங்கும் இல்லை. ஆனாலும் அழவில்லை, அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

நிலத்தைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும், கொடுக்கவும் வேண்டும். அதில் எனக்கு இரண்டு மனம் இல்லை. ஆனால் ஒப்படைப்பு ஆணையில் ஒரு நிபந்தனை சேர்த்தேன். மரங்களுக்கு நடுவே உள்ள தடம் காலை வேளையில் பொதுமக்கள் நடப்பதற்குத் திறந்திருக்க வேண்டும் என்று. அதற்காக இயக்குநரிடம் வாதாடினேன், சட்டப் பிரிவில் வாதாடினேன், பல்கலைக்கழகப் பதிவாளர் வந்தபோது அவரிடமும் வாதாடினேன். பதிவாளர் நல்ல மனிதர், குரலே எழும்பாது. சரிங்கம்மா, போட்டுக்குங்க என்று ஒத்துக்கொண்டார். அன்று வீட்டுக்கு வரும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. உன் அப்பாவிடம் சொல்லவும் முடியாது, வீட்டில் அலுவலகப் பேச்சு கிடையாதே. ஆணை நகல் தபாலில் வந்து சேரட்டும், அவரே படிக்கட்டும் என்று காத்திருந்தேன். வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். மேஜைமேல் மடித்து வைத்துவிட்டு, பரவால்ல, அந்த அம்மாவுக்கு மனசு இருக்கு என்றார். அன்று ராத்திரி என் தட்டையும் அவரே கழுவினார்.

அடுத்த மாதம் பல்கலைக்கழகம் சுற்றிலும் கம்பி வேலி போட்டு வாசலில் காவலர் ஒருவரை நிறுத்தியது. காலையில் போனோம். கார்டு இருக்குங்களா என்றார். இல்லை, இந்தத் தடம் பொதுமக்களுக்கு என்று ஆணையே இருக்கிறது என்றேன். எனக்குத் தெரியாதும்மா, கார்டு இல்லாம விடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க என்றார். பதிவாளருக்குப் போன் செய்தேன். அவர் மெதுவான குரலில், நீங்க எழுதினதைத்தாம்மா செய்யறோம் என்று ஆணையை எனக்கே படித்துக் காட்டினார். திறந்திருக்க வேண்டும் என்பதற்கு அடுத்த வரியில், பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டு என்று இருக்கிறது. அடையாள அட்டை இல்லாமல் யாரையும் வளாகத்துக்குள் விடக்கூடாது என்பதுதான் அவர்களுடைய முதல் பாதுகாப்பு விதி. கருவிகள் திருட்டுப் போகின்றனவாம், அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த வரியை யாரும் என்னை எழுதச் சொல்லவில்லை. எந்த நிலத்தை யாருக்குக் கொடுத்தாலும் நிபந்தனைக்கு அடியில் பெறுபவரின் விதிகளுக்கு உட்பட்டு என்று எழுதுவது எங்கள் பிரிவின் வழக்கம். என் கை தானாக எழுதிவிட்டது. இத்தனை வருடம் எழுதிய கை. ஆணையைத் திருத்த வேண்டும் என்றால் அமைச்சரவை வரைக்கும் போக வேண்டும், அவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது.

அப்பா என்னைத் திட்டியிருந்தால் தேவலை. ஆணையை மறுபடி எடுத்துப் படித்தார். அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு, நல்லா எழுதியிருக்கீங்க என்றார். எழுதியிருக்கீங்க என்றார் என்னைப் பார்த்து. நம் வீட்டில், சுவரைப் பார்த்துப் பேசாமல், நேராக என் முகத்தைப் பார்த்து. கல்யாணம் ஆன நாள் முதல் அவர் என்னை அப்படி மரியாதையாகக் கூப்பிட்டதே இல்லை. எனக்கு அது வலித்தது, மறைக்க ஒன்றும் இல்லை. பல் டாக்டர் வீட்டிலேயே நடக்கும் மெஷின் ஒன்றை வாங்கிவிட்டார். மற்றவர்கள் ரோட்டில் நடந்து பைக் ஓட்டுபவர்களைத் திட்டினார்கள். அப்பா ஹாலிலிருந்து அடுக்களைக்கும் அடுக்களையிலிருந்து ஹாலுக்கும் நடந்து பார்த்தார், பிரிட்ஜில் இடித்துக்கொண்டார், நிறுத்திவிட்டார். காலையில் எழுந்து உடை மாற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். இடது கை மடிமேல் இருக்கும், பழைய மாதிரி. அந்தக் கை மறுபடி சொன்ன பேச்சைக் கேட்காமல் போய்விடுமோ என்று நான் பயந்தேன். நீ போன் செய்தபோது அப்பா நல்லா இருக்கார் என்று சொன்னேனே, அது பொய்.

பிறகு ஒருநாள் நான் அலுவலகத்திலிருந்து வரும்போது மனிதரைக் காணோம். முகச்சவரம் செய்த சாமான்கள் ஈரத்தோடு கிடந்தன. இருட்டுவதற்குள் வந்துவிட்டார், கையில் ஒரு பை. எங்கே போனீர்கள் என்று கேட்டேன், பையை அலமாரிக்குள் வைத்துச் சாத்தினார். மறுநாள் பதிவாளர் என் அலுவலகத்துக்குப் போன் செய்து, தயங்கித் தயங்கி, உங்க வீட்டுக்காரர் இப்ப எங்க மாணவரும்மா என்றார். மர வளர்ப்புச் சான்றிதழ் படிப்பில் சேர்ந்திருக்கிறார். வயது வரம்பு கிடையாதாம், வகுப்பு நாற்றுப் பண்ணையின் பழைய விதைக் கொட்டகையில் நடக்கிறதாம். நம் பால்கனியில் இருந்த ஒரே தொட்டிச் செடிக்கு ஒருநாள் சூடான டீயை ஊற்றிக் கொன்றவர் இவர்தான் என்பதை நான் பதிவாளரிடம் சொல்லவில்லை. விண்ணப்பத்தில் பெற்றோர் அல்லது பாதுகாவலர் என்ற இடத்தில் ஒரு பெயர் இல்லாமல் அவர்கள் கணினி ஏற்றுக்கொள்ளாதாம், அந்த இடத்தில் என் பெயரைக் கொடுத்திருக்கிறார். மாணவர் வகுப்புக்கு ஒழுங்காக வருகிறாரா என்று இனிமேல் என் போனுக்குத் தகவல் வரும். வருகிறது. எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுகிறாராம். அவரைப் பார்த்துப் பல் டாக்டரும் சேர்ந்துவிட்டார், நடையாளர் சங்கத்தில் பாதிப் பேர் சேர்ந்துவிட்டார்கள். மாணவர்கள் இல்லாமல் இழுத்து மூட இருந்த படிப்பாம் அது. துறைத் தலைவர் பூரித்துப்போய் இருக்கிறார், மர வளர்ப்பில் மக்களுக்கு இவ்வளவு ஆர்வம் இருப்பது தெரியாமல் போய்விட்டதே என்கிறாராம். பதிவாளருக்கு விஷயம் தெரியும். ஆனால் விதிப்படி எல்லாம் சரியாக இருப்பதால் அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

இதில் நான் ஒருத்தி மட்டும் வெளியே நிற்கிறேன். முதல் நாள் வழக்கம்போல அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை போனேன். அப்பா கழுத்தில் தொங்கிய மாணவர் அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டினார், அதில் அவர் முகம் பஸ்ஸைத் தாமதமாகக் கொண்டுவந்த டிரைவரைப் பார்ப்பது போல இருக்கிறது. காவலர் அவரை உள்ளே விட்டார். நீங்க இங்கயே நில்லுங்கம்மா, மேலிடத்து உத்தரவு என்று எனக்குக் கை காட்டினார். அந்த மேலிடம் யாரென்று எனக்குத் தெரியும். அப்பா திரும்பிப் பார்த்தார். நான் போய்வாருங்கள் என்றேன். உள்ளே விழுந்துவிட்டால் யார் தூக்குவார்கள் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் நடந்தார். தண்ணீர்த் தொட்டி வரைக்கும் நடந்தார், அதைத் தாண்டி விதைக் கொட்டகை வரைக்கும் நடந்தார், அங்கே நிற்காமல் வளைவில் திரும்பினார். இடது கை நன்றாக வீசியது. கொஞ்சம்கூடத் தள்ளாடவில்லை. இத்தனை காலம் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு நடந்ததால் தூரத்திலிருந்து அவர் நடையை நான் பார்த்ததே இல்லை. எப்போது அவருக்குச் சரியானது என்று எனக்குத் தெரியவில்லை, ரொம்ப நாள் ஆகியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். இருந்தும் தினமும் காலையில் வாசலில் நின்று, வா என்று அந்த முழங்கையை என் பக்கம் நீட்டிக்கொண்டுதான் இருந்தார். சுற்று முடிந்து வெளியே வந்ததும் அதே மாதிரி நீட்டினார். நான் பிடித்துக்கொண்டேன்.  இதை நான் பார்த்தேன் என்று நீ அவரிடம் மூச்சு விடக்கூடாது.

அவருக்கு அடுத்த மாதம் பரீட்சை. மண்ணின் புளிப்பு, காரம் என்று உன்னிடம் போனில் சந்தேகம் கேட்பார், ஆய்வுக்கூடத்துக்காரி என்பதால் உனக்குத் தெரியும் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். பொறுமையாகச் சொல்லிக் கொடு, உனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தபோது அவர் கத்தியதற்கெல்லாம் இப்போது பழி தீர்க்காதே. அடுத்த வருடம் அங்கே ஆய்வுக்கூடக் கட்டடம் எழும்பப் போகிறது, வரைபடத்தைப் பார்த்தேன். மாடிப்படிக்கு அடியில் எதுவும் வைக்கக்கூடாது என்று ஒரு குறிப்பு எழுதிச் சேர்த்திருக்கிறேன். இந்த முறை அதற்குக் கீழே வேறு எந்த வரியும் எழுதவில்லை. உன்னைத் திரும்பி வா என்று நான் கேட்கவில்லை, இடம் இருக்கிறது என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு. பேத்தி கையில் போனைக் கொடுத்துச் சோறு ஊட்டாதே, உனக்குக் காக்கா காட்டித்தான் ஊட்டினோம், நீ நன்றாகத்தான் வளர்ந்தாய். மாப்பிள்ளையைப் பல்லை டாக்டரிடம் காட்டச் சொல்லு, வலியைச் சொல்லாமல் வைத்துக்கொள்வது அவர் வழக்கம். மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், மனக்குறை இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். மறந்துவிடாதே, அந்தப் பதிவுத் தபாலோடு இணைத்திருக்கும் ஒப்புகை அட்டையில் கையெழுத்திட்டு உடனே திருப்பி அனுப்பு. உன்னுடையது ஒன்றுதான் வரவில்லை, அது வந்தால்தான் கோப்பை மூட முடியும். நான் ஓய்வு பெறுவதற்குள் வர வேண்டும். அப்புறம் எனக்கும் காலை நேரம் சும்மாதான் இருக்கும், அந்தச் சான்றிதழ் படிப்பு கஷ்டமா என்று அப்பாவிடம் பொதுவாகக் கேட்டுச் சொல்லு, நான் கேட்டதாகச் சொல்லாதே.

என்றும் உன் நினைவாக,
உன் அம்மா,
உன் அப்பாவின் பாதுகாவலர்.